சிறிய பெட்டிக்குப் பெரிய சப்வூஃபர் பொருந்துமா? டிரக் கேபினில் பேஸ் ஒலியின் கணக்கு

புது டெல்லி: 2025-இல் நடைமுறைக்கு வந்த விதியின்படி, புதிதாக உற்பத்தி செய்யப்படும் என்2, என்3 பிரிவு சரக்கு வாகனங்களின் ஓட்டுநர் கேபினில் குளிரூட்டும் வசதி கட்டாயமாக்கப்பட்டுள்ளது. 3.5 டன்னுக்கு மேற்பட்ட மொத்த எடை கொண்ட சரக்கு வாகனங்கள் அனைத்தும் இந்த இரு பிரிவுகளுக்குள் அடங்கும். ஓட்டுநரின் களைப்பைக் குறைப்பதற்காகக் கொண்டுவரப்பட்ட இந்த விதி, ஒலியமைப்புக் கடைக்காரர்கள் எதிர்பாராத மற்றொரு மாற்றத்தையும் உடன் கொண்டுவந்துள்ளது. கண்ணாடிகளை ஏற்றிவிட்டுப் பயணிக்கும் கேபினில் பாட்டு வேறு மாதிரி கேட்கிறது. அதிலும் பேஸ் எனப்படும் அடித்தொனி முற்றிலும் வேறாகக் கேட்கிறது.

இசுசு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் போன்ற இரட்டைக் கேபின் பிக்அப் வாகனங்களை வைத்திருப்போர் இதே கேள்வியைப் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகின்றனர். பின்னிருக்கைக்கு அடியிலோ முதுகுப்புறத்திலோ ஒரு சிறிய பெட்டிக்குத்தான் இடம் இருக்கிறது. அந்தப் பெட்டியில் 8 அங்குல சப்வூஃபரைப் பொருத்துவதா, 10 அங்குலமா, 12 அங்குலமா? டெல்லி கரோல் பாக், பெங்களூரு ஜே.சி. சாலை, சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலை என எந்தச் சந்தைக்குச் சென்றாலும் "பெரியதாகப் போடுங்கள், அதிர்வு நன்றாக இருக்கும்" என்ற பதிலே பெரும்பாலும் கிடைக்கிறது. இயற்பியல் அப்படிச் சொல்வதில்லை.

பெட்டிக்குள் ஒரு காற்று வில்

முற்றிலும் அடைக்கப்பட்ட பெட்டியில் பொருத்தப்படும் ஒலிபெருக்கியின் கூம்பு உள்நோக்கி நகரும்போது உள்ளே இருக்கும் காற்று நசுங்குகிறது. வெளிநோக்கி நகரும்போது விரிகிறது. இரு நிலைகளிலும் காற்று கூம்பைப் பழைய இடத்துக்கே தள்ள முயல்கிறது. அதாவது, பெட்டியில் அடைபட்ட காற்று ஒரு சுருள்வில்லைப் போலச் செயல்படுகிறது. அமெரிக்காவைச் சேர்ந்த எட்கர் வில்சர் 1954-ஆம் ஆண்டு ஏஆர்-1 என்ற ஒலிபெருக்கியில் இந்தத் தத்துவத்தைப் பயன்படுத்திக் காட்டினார். அதுவரை அலமாரி அளவுப் பெட்டிகளில் மட்டுமே கிடைத்த அடித்தொனி, புத்தக அடுக்கில் வைக்கக்கூடிய பெட்டியிலிருந்தும் கிடைத்தது. பின்னர் ஆஸ்திரேலியாவின் நெவில் தீல் 1961-இலும், சிட்னி பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த ரிச்சர்ட் ஸ்மால் 1972-இலும் வெளியிட்ட கட்டுரைகள் பெட்டி வடிவமைப்பைக் கணக்காக மாற்றின. இன்றும் ஒவ்வொரு சப்வூஃபரின் விவரத்தாளிலும் அச்சாகும் எண்கள் "தீல்-ஸ்மால் அளவுருக்கள்" என்றே அழைக்கப்படுகின்றன.

அந்தக் காற்று வில்லின் விறைப்பு இரண்டைப் பொறுத்தது. பெட்டி சிறுக்கும்போது விறைப்பு கூடுகிறது. இது எளிதில் புரியும். கூம்பின் பரப்பு கூடும்போதும் விறைப்பு கூடுகிறது. அதுவும் பரப்பின் இருமடி விகிதத்தில் கூடுகிறது. இரண்டாவது உண்மையைத்தான் கடைகளில் யாரும் சொல்வதில்லை. 10 அங்குல கூம்பின் செயற்பரப்பு ஏறத்தாழ 340 சதுர சென்டிமீட்டர். 12 அங்குலத்துக்கு ஏறத்தாழ 490. ஒரே பெட்டியில் 10-ஐ எடுத்துவிட்டு 12-ஐ வைத்தால், கூம்பின் பின்னால் இருக்கும் காற்று ஏறத்தாழ இரு மடங்கு விறைப்பாகிவிடுகிறது.

முதலில் அளவுநாடா

சப்வூஃபர் வாங்கும் முன் அளக்க வேண்டியது பெட்டியின் உட்புறக் கொள்ளளவு. இருக்கைக்கு அடியில் 80 சென்டிமீட்டர் நீளம், 32 சென்டிமீட்டர் அகலம், 12 சென்டிமீட்டர் உயரம் கொண்ட இடம் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். வெளி அளவில் இது 30.7 லிட்டர். வழக்கமான 18 மில்லிமீட்டர் எம்டிஎஃப் அல்லது பிளைவுட் பலகையில் பெட்டி செய்தால் ஒவ்வொரு பக்கத்திலும் 3.6 சென்டிமீட்டர் குறைந்து, உள்ளே 76.4, 28.4, 8.4 என்று ஆகிறது. பெருக்கினால் 18.2 லிட்டர். பலகை மட்டுமே 12 லிட்டருக்கும் மேல் விழுங்கிவிட்டது. ஒலிபெருக்கியின் காந்தமும் சட்டமும் அடைக்கும் இடமாக ஒரு லிட்டருக்குச் சற்று கூடுதலாகக் கழித்தால், மிஞ்சுவது ஏறத்தாழ 17 லிட்டர். வெளியளவை மட்டும் பார்த்து "30 லிட்டர் பெட்டி" என்று கடையில் சொல்பவர், 12 அங்குல சப்வூஃபருடன் வீடு திரும்புவது இந்த இடத்தில்தான் நிகழ்கிறது.

இருக்கையின் வளைவுக்கு ஏற்ப ஃபைபர் கண்ணாடியில் வார்க்கப்பட்ட பெட்டிகளுக்கு நீள அகலக் கணக்கு உதவாது. அத்தகைய பெட்டியைத் தெர்மோகோல் குருணையால் நிரப்பி, அதை அளவு தெரிந்த வாளியில் கொட்டி அளப்பதே நம்பகமான வழி.

ஆழமும் கவனிக்கத்தக்கது. மேற்கண்ட பெட்டியில் மேல்பலகையின் தடிமனையும் சேர்த்து, ஒலிபெருக்கியின் பின்புறத்துக்குக் கிடைப்பது 10.2 சென்டிமீட்டர் மட்டுமே. வழக்கமான 10 அங்குல சப்வூஃபர்கள் பலவற்றுக்கு 13 முதல் 16 சென்டிமீட்டர் வரை ஆழம் தேவைப்படும். காந்தத்தின் நடுவே காற்றுத் துளை கொண்டவற்றுக்குப் பின்னால் மேலும் 2 சென்டிமீட்டராவது இடைவெளி வேண்டும். எனவே இந்த இடத்துக்கு 8 சென்டிமீட்டர் அளவே ஆழம் கொண்ட, "ஷேலோ மவுண்ட்" என்று விற்கப்படும் மெல்லிய வகைதான் பொருந்தும். கூம்பு மேல்நோக்கி இருந்தால், அது இருக்கையின் அடிப்பாகத்தில் மோதாதிருக்க மேலேயும் 2 அல்லது 3 சென்டிமீட்டர் விட வேண்டும். அந்த இடைவெளியையும் 12 சென்டிமீட்டர் உயரத்துக்குள்ளேயே தேட வேண்டியிருந்தால் பெட்டி இன்னும் சுருங்கும்.

மூன்று எண்கள் சொல்லும் தீர்ப்பு

விவரத்தாளில் பார்க்க வேண்டியவை மூன்று. எஃப்எஸ் என்பது ஒலிபெருக்கி தன்னியல்பாக அதிரும் அதிர்வெண். கியூடிஎஸ் என்பது அந்த அதிர்வு எவ்வளவு விரைவில் அடங்கும் என்பதன் அளவு. விஏஎஸ் என்பது கூம்பைத் தாங்கும் பகுதியின் மீள்தன்மைக்கு இணையான காற்றின் கொள்ளளவு. இது லிட்டரில் தரப்படும். விஏஎஸ்ஸைப் பெட்டியின் கொள்ளளவால் வகுத்து, ஒன்றைக் கூட்டி, வர்க்கமூலம் காண வேண்டும். கிடைக்கும் எண்ணால் எஃப்எஸ்ஸைப் பெருக்கினால் பெட்டிக்குள் வைத்த பிறகான அதிர்வெண்ணும், கியூடிஎஸ்ஸைப் பெருக்கினால் கியூடிசி என்ற எண்ணும் கிடைக்கும். மூடிய பெட்டியின் குணத்தைச் சொல்வது இந்தக் கியூடிசி. 0.707 என்றால் ஒலி மேடுபள்ளமின்றிச் சமமாக இருக்கும். 1-ஐத் தாண்டும்போது ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் மேடு எழும்பி, அதற்குக் கீழே ஒலி சரியத் தொடங்கும்.

எடுத்துக்காட்டாக, எஃப்எஸ் 30 ஹெர்ட்ஸ், கியூடிஎஸ் 0.45, விஏஎஸ் 30 லிட்டர் கொண்ட ஒரு 10 அங்குல ஒலிபெருக்கியை 17 லிட்டர் பெட்டியில் வைத்தால் கியூடிசி 0.75, அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். குறை சொல்ல முடியாத பொருத்தம். எஃப்எஸ் 26 ஹெர்ட்ஸ், கியூடிஎஸ் 0.5, விஏஎஸ் 70 லிட்டர் கொண்ட 12 அங்குலத்தை அதே பெட்டியில் திணித்தால் கியூடிசி 1.13, அதிர்வெண் 59 ஹெர்ட்ஸ். தனித்து வைக்கும்போது இன்னும் கீழே இறங்கக்கூடிய பெரிய ஒலிபெருக்கி, சிறிய பெட்டிக்குள் சென்றதும் சின்னதைவிட மேலேயே நின்றுவிடுகிறது. போதாக்குறைக்கு 75 ஹெர்ட்ஸ் அளவில் 2 டெசிபல் மேடு ஒன்றும் எழுகிறது. எந்தப் பாட்டைப் போட்டாலும் ஒரே "டும்" கேட்கிறது என்ற புகாருக்கு வித்து இதுதான்.

12 அங்குலத்துக்கு ஆதரவாகச் சொல்லக்கூடியதும் உண்டு. கூம்பு ஒரே தூரம் நகர்கிறது எனக் கொண்டால், 10-ஐவிட 12 அங்குலம் 1.44 மடங்கு காற்றைத் தள்ளும்; உச்ச ஒலியில் அது ஏறத்தாழ 3 டெசிபல் கூடுதல். ஆனால் 3 டெசிபல் என்பது காதுக்குத் தெரியும் ஒரு சிறு ஏற்றம் மட்டுமே. ஒலி இரு மடங்கானதாகத் தோன்ற 10 டெசிபல் வேண்டும். அந்தச் சிறு ஏற்றத்தைப் பெறும் முன், விறைத்த காற்றோடு போராட வேண்டும். காந்தமும் சுருளும் ஒரே திறன் கொண்டவை எனில், இவ்வளவு சிறிய பெட்டியில் அதே அளவு அடித்தொனியை எழுப்ப 12 அங்குலத்துக்கு ஏறத்தாழ இரு மடங்கு மின்திறன் தேவை. வலுவான மோட்டாரும், ஆயிரம் வாட் நெருங்கும் ஆம்ப்ளிஃபையரும், ஒலியைச் சீர்படுத்தும் டிஎஸ்பி கருவியும் வாங்கும் வசதி உள்ளவர்களுக்கு அது தடையல்ல. மற்றவர்களுக்கு அது வீண் செலவு.

சில ஆம்ப்ளிஃபையர்களில் இருக்கும் "பேஸ் பூஸ்ட்" திருகைத் திருப்பினால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையும் பரவலாக உள்ளது. 6 டெசிபல் ஏற்றம் நான்கு மடங்கு மின்திறனைக் கேட்கும். 12 டெசிபல் ஏற்றம் பதினாறு மடங்கைக் கேட்கும். ஆம்ப்ளிஃபையர் தன் எல்லையைத் தொட்டு ஒலியலையின் உச்சிகளை வெட்டத் தொடங்கும். சப்வூஃபரின் சுருள் சூடேறிக் கருகும்.

பொதுவான வழிகாட்டியாக, மூடிய பெட்டியில் 8 அங்குலத்துக்கு 8 முதல் 14 லிட்டர், 10 அங்குலத்துக்கு 14 முதல் 23 லிட்டர், 12 அங்குலத்துக்கு 23 முதல் 35 லிட்டர் என்று கொள்ளலாம். மெல்லிய வகைகளில் சில இதைவிடச் சிறிய பெட்டியை ஏற்கும். தயாரிப்பாளர் விவரத்தாளில் தரும் குறைந்தபட்ச அளவே இறுதியானது. பெட்டிக்குள் பாலியஸ்டர் பஞ்சை அளவாக நிரப்பினால் 10 முதல் 20 விழுக்காடு வரை பெரிய பெட்டி போல அது நடந்துகொள்ளும். 17 லிட்டரை 30 லிட்டராக்கும் வித்தை அதனிடம் இல்லை.

நீளம் இருந்து அகலம் இல்லாத இடங்களில் இரண்டு 8 அங்குலங்கள் நல்ல மாற்று. இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 430 சதுர சென்டிமீட்டர் பரப்பைத் தரும். அது 10-க்கும் 12-க்கும் இடைப்பட்டது.

கேபின் தரும் இலவச உதவி

வீட்டுக் கூடத்தில் மெலிந்து ஒலிக்கும் சிறிய மூடிய பெட்டி, வாகனத்தில் வியப்பூட்டும் வகையில் ஆழமாக ஒலிப்பதற்குக் காரணம் உண்டு. ஒலியின் அரை அலைநீளம் கேபினின் மிக நீண்ட பக்கத்தைவிடப் பெரிதாகும்போது, உள்ளே அலை பரவுவதற்குப் பதிலாக முழுக் காற்றும் ஒன்றாக அழுத்தப்பட்டுத் தளர்த்தப்படுகிறது. 2.5 மீட்டர் நீளமுள்ள இரட்டைக் கேபினில் இது ஏறத்தாழ 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே தொடங்கும். 2 மீட்டர் அளவுள்ள லாரி கேபினில் 86 ஹெர்ட்ஸிலேயே தொடங்கிவிடும். கொள்கையளவில், அதற்குக் கீழே அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறையும் 12 டெசிபல் கூடுகிறது. மூடிய பெட்டியின் ஒலி சரிவதும் இதே 12 டெசிபல் விகிதத்தில்தான். ஒன்றின் சரிவை மற்றொன்றின் ஏற்றம் ஈடுகட்டுகிறது. துளையிட்ட பெட்டியின் சரிவு 24 டெசிபல் என்பதால் அதற்கு இந்தப் பொருத்தம் வாய்ப்பதில்லை. அதற்குத் தேவையான குழாய்க்கும் சிறிய கேபினில் இடம் இருக்காது.

நடைமுறையில் கதவின் இடுக்குகள், தகரத்தின் நெளிவு, திறந்த கண்ணாடி ஆகியவை இந்த உதவியைக் குறைக்கின்றன. கண்ணாடி இறங்கியதும் அடித்தொனி காணாமல் போவதை ஓட்டுநர்கள் அனைவரும் அறிவர். குளிரூட்டிய கேபினில் கண்ணாடி மூடியே இருப்பதால், முன்பு 12 அங்குலம் தேவைப்பட்டதாகத் தோன்றிய இடத்தில் இப்போது 8 அங்குலமே போதுமானதாக இருக்கக்கூடும்.

இதற்கு எதிராக நிற்பது இன்ஜின். நான்கு சிலிண்டர் டீசல் இன்ஜின் நிமிடத்துக்கு 1,800 சுழற்சியில் ஓடும்போது எழும் முதன்மை அதிர்வு 60 ஹெர்ட்ஸ். ஆறு சிலிண்டர் லாரி இன்ஜினுக்கு 1,400 சுழற்சியில் அது 70 ஹெர்ட்ஸ். மின் பேஸ் கிதாரின் மிகத் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸ். டிரம்ஸின் உதை முரசு ஏறத்தாழ 50 முதல் 80 ஹெர்ட்ஸ். அதாவது, இசையின் அடித்தளம் இருக்கும் அதே இடத்தில்தான் இன்ஜினும் உறுமிக்கொண்டிருக்கிறது. பேஸ் அடங்கிப்போகிறது என்று ஒலியைக் கூட்டுபவர், அதனுடன் குரலையும் வயலினையும் சேர்த்தே கூட்டுகிறார். சரியான அளவுள்ள சப்வூஃபரை 80 ஹெர்ட்ஸ் அளவில் பிரித்துத் தனியாக நிலைப்படுத்தினால் மொத்த ஒலியை ஏற்றாமலேயே அந்தக் குறை நீங்கும் என்பது, சப்வூஃபர் வெறும் ஆடம்பரம் என்போர் கவனிக்க வேண்டிய செய்தி.

லாரி என்றால் 24 வோல்ட்

பிக்அப் வாகனங்களில் 12 வோல்ட் மின்சாரம். நடுத்தர, கனரக லாரிகளில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைக்கப்பட்டு 24 வோல்ட். சந்தையில் கிடைக்கும் கார் ஆம்ப்ளிஃபையர்கள் 12 வோல்ட்டுக்கானவை. செலவை மிச்சப்படுத்த, இரண்டில் ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் கம்பி இழுத்து ஆம்ப்ளிஃபையருக்குத் தருவது நெடுஞ்சாலையோரப் பட்டறைகளில் பார்க்கக்கூடிய வழக்கம். அந்த ஒரு பேட்டரி தொடர்ந்து குறைமின்னேற்றத்திலும் மற்றது மிகைமின்னேற்றத்திலும் சிக்கி, இரண்டுமே காலத்துக்கு முன்பே பழுதாகும். நள்ளிரவில் ஆளில்லாத சாலையில் வண்டி கிளம்ப மறுக்கும்போதுதான் அந்தச் சிக்கனத்தின் விலை தெரியவரும்.

24-ஐ 12 வோல்ட்டாக மாற்றும் கன்வெர்ட்டரே முறையான வழி. அதன் ஆம்பியர் அளவு இங்கே சப்வூஃபரின் அளவையும் தீர்மானிக்கிறது. 300 வாட் உண்மைத் திறன் தரும் கிளாஸ் டி ஆம்ப்ளிஃபையர் 80 விழுக்காடு செயல்திறன் கொண்டது எனில் 375 வாட் இழுக்கும். 12 வோல்ட்டில் அது 31 ஆம்பியருக்கு மேல். 20 ஆம்பியர் கன்வெர்ட்டரில் 12 அங்குல சப்வூஃபரை ஓட்ட முயல்வது நடவாத காரியம். 100 முதல் 150 வாட்டில் நிறைவாக இயங்கும் 8 அங்குலம், லாரி கேபினுக்குப் பெரும்பாலும் பொருத்தமான தேர்வாக அமைவது இதனாலும்தான். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிடப்படும் "2000 வாட்" போன்ற உச்ச அளவுகளை விட்டுவிட்டு, ஆர்எம்எஸ் என்று குறிக்கப்பட்ட எண்ணை மட்டுமே கணக்கில் எடுக்க வேண்டும்.

பேட்டரியிலிருந்து வரும் மின்கம்பியில், பேட்டரிக்கு அருகே, அரை மீட்டருக்குள் ஃபியூஸ் இருப்பது கட்டாயம். சேஸிஸில் உராய்ந்து கம்பியின் உறை கிழிந்தால் தீப்பிடிக்காமல் தடுப்பது அது ஒன்றே. செம்பு பூசிய அலுமினியக் கம்பி மலிவு. ஆனால் அதே தடிமனில் முழுச் செம்பு தாங்கும் மின்னோட்டத்தை அது தாங்காது.

இறுக்கிப் பொருத்துதல்

பெட்டி முழுமையாக அடைபட்டிருக்கிறதா என்பதை அறிய எளிய சோதனை உண்டு. கூம்பை இரு கைகளாலும் சீராக மெல்ல உள்ளே அழுத்தி விட வேண்டும். மெதுவாக, தயங்கித் திரும்பினால் பெட்டி காற்றுப்புகாதது. உடனே துள்ளித் திரும்பினால் எங்கோ கசிவு இருக்கிறது. மூலைகளிலும் மின்கம்பி நுழையும் துளையிலும் சிலிக்கான் பூச வேண்டும்.

ஒலிபெருக்கியுடன் சேர்த்து 15 கிலோ எடை வரும் பெட்டியை இருக்கைக்குப் பின்னால் வெறுமனே வைத்துவிடும் வழக்கம் ஆபத்தானது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வாகனம் மோதி நின்றால், கட்டப்படாத பெட்டி ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருளின் வேகத்துடன் முன்னால் பாயும். மரத்திருகுகள் போதாது, வாகனத் தளத்துடன் போல்ட்டால் இணைக்க வேண்டும். துளையிடும் முன் அடியில் எரிபொருள் குழாய், பிரேக் குழாய், மின்கம்பிகள் செல்கின்றனவா என்று பார்ப்பதும், இருக்கை வார்ப்பட்டையின் பிடிப்புகளை மறைக்காமல் விடுவதும் அவசியம்.

ஒலியளவைப் பொறுத்தவரை, வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல் என்பதை உலக சுகாதார அமைப்பு பாதுகாப்பான எல்லையாகக் குறிப்பிடுகிறது. 90 டெசிபலில் அது வாரத்துக்கு 4 மணி நேரமாகச் சுருங்குகிறது. ஒரே நாளில் பத்து மணி நேரம் சக்கரத்தின் முன் அமரும் ஓட்டுநர்களுக்கு இந்த எண் மிக நெருக்கமானது. வெளியே இருப்பவர்களுக்கோ, 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என வரம்பு விதித்துள்ளன. இந்த வரம்புகள் "ஏ" எடையிடல் முறையில் அளக்கப்படுபவை. அந்த முறை 50 ஹெர்ட்ஸ் ஒலியை ஏறத்தாழ 30 டெசிபல் குறைத்தே கணக்கிடும். கைபேசிச் செயலியில் எண் குறைவாகக் காட்டும்போதும், சாலையோர வீட்டின் ஜன்னல் கண்ணாடி அதிர்வது அதனால்தான்.